இருவிரல் இடைவெளி

அந்தக் கடையில் நாய்களுக்கான கழுத்துப்பட்டைகள் ஒரு சுவர் முழுவதும் தொங்கின. மேல் வரிசையில் நைலான், அதற்குக் கீழே தோல், ஓரத்தில் சங்கிலிகள், கடைசியில் கழுத்தை விட்டு மார்பைப் பிடிக்கும் பட்டைகள். வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய பார்வையை நிறத்திலிருந்து நாயின் கழுத்துக்குத் திருப்புவது அவளுடைய வேலை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்தாள். அதற்கு முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், சட்டைக்குக் காலர் தைக்கும் வரிசையில் பதினோரு ஆண்டுகள். தொழிற்சாலையை மூடியபோது இங்கே வந்து சேர்ந்தாள். "மனுஷங்க கழுத்து முடிஞ்சுது, இப்ப நாய்ங்க கழுத்து" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கணவர் சன்னலோரக் கட்டிலைவிட்டு எழுந்ததில்லை. வீடு அவளுடைய கைகளை நம்பியே ஓடியது.

அவளுக்கென்று சில தீர்மானங்கள் இருந்தன. குட்டிக்குத் தோல் கூடாது. வளர வளரத் தளர்த்திக்கொள்ள நைலான்தான் சரி. முரட்டுத்தனமாக இழுக்கும் நாய்க்கு மார்புப்பட்டை. இழுக்க இழுக்க இறுகும் சங்கிலியை அவள் யாருக்கும் எடுத்துக் காட்டியதே இல்லை. பட்டையை மாட்டிய பிறகு தரையில் மண்டியிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அதனடியில் நுழைத்து, கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். விரல்கள் சிக்கக் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. அதுதான் அளவு. அதனால் அவளுக்கு இருவிரல் அக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது இளையவரான முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார். தூரத்திலிருந்து வருகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லியே கடையை விசாரித்தார்கள்.

மூன்று ஆண்டுகளாகக் காலை வேளைகளில் அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கின. முதலில் வீக்கம் மதியத்துக்குள் வடிந்தது, பிறகு வடியவில்லை. சோப்புக்கும் எண்ணெய்க்கும் கழலாத நடுவிரல் மோதிரத்தைச் சென்ற ஆண்டு நகைப்பட்டறையில் வெட்டித்தான் எடுத்தார்கள். மோதிரம் போயிற்றே என்று வருந்தினாளே தவிர, அதற்கு மேல் அவள் எதையும் நினைக்கவில்லை.

நினைத்தவர் முதலாளியின் மனைவி. விரல்களைப் பற்றியல்ல, திரும்பி வரும் பட்டைகளைப் பற்றி. தளர்ந்து கிடக்கிறது என்று திருப்பித் தரப்பட்டவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தார். இரண்டு மாதத்தில் ஏழு சேர்ந்தன. அளவு நாடா ஒன்றை வாங்கி வந்து மேசை இழுப்பறையில் வைத்தார். வீட்டுக்குப் போய் ஓட்டையை மாற்றிவிட்டு நம்மைக் குறை சொல்கிறார்கள் என்று அவள் வாதாடினாள். நாடா முடியைத்தான் அளக்கும், கழுத்தை அளக்காது என்றும் சொன்னாள். இன்னும் ஒன்று வந்தால் அக்கா கிடங்குக்குப் போய்த் தீனி மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மாள் முடித்துவிட்டார். தண்ணீர்க் குடத்தையே இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிறவளுக்கு மூட்டை என்றால் வீட்டுக்குப் போ என்றுதான் பொருள்.

அந்த வாரத்தில்தான் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தம் நாயை அழைத்து வந்தார். மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர். நாய் ஒடிசலானது, நீண்ட கழுத்து, கழுத்தைவிடக் குறுகிய தலை. தெருவில் அதற்கு ஈர்க்குச்சி என்று பெயர். அவள் தோல்பட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கொக்கிப் பக்கமிருந்து நான்காவது துளையில் மாட்டி, விரல்களைச் சுற்றிவிட்டு எழுந்தாள்.

"தலை சின்னதா இருக்கும்மா. பின்னால இழுத்தா கழண்டுடும். இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிடுங்க" என்றார் அவர்.

"ஐயா, நீங்க நாய வளக்கப் போறீங்களா, தூக்குல போடப் போறீங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து, நீங்கள் சொன்னால் சரிதான் என்று போய்விட்டார்.

பத்தொன்பதாம் நாள் அவர் தனியாக வந்தார். கையில் பட்டை மட்டும் இருந்தது, கொக்கி மாட்டியபடியே. கடைத்தெரு முனையில் லாரியின் டயர் வெடித்ததையும், நாய் மிரண்டு பின்னால் இழுத்ததையும், தலை உருவிக்கொண்டதையும் நிதானமாகச் சொன்னார். நாய் பாய்ந்தது ஒரு பேருந்தின் அடியில். முப்பது ஆண்டுகள் அவர் ஓட்டிய தடத்துப் பேருந்து.

அவர் வந்தது அதைச் சொல்ல அல்ல. பட்டையை நீயே தளர்த்திவிட்டு மறந்திருக்கிறாய் என்று மகள் உறுதியாகச் சொல்கிறாளாம். தனியாக இருந்தது போதும், வீட்டைக் காலி செய் என்கிறாளாம். மகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையை ஒழித்தாயிற்றாம்.

"தளர்த்தின மாதிரி எனக்கு நினைவே இல்ல. தளர்த்தலன்னு அடிச்சுச் சொல்லவும் முடியல. உங்களுக்குத் தெரியுமே. அன்னிக்கு நீங்க போட்டது எந்த ஓட்டைம்மா?"

அவள் பட்டையை வாங்கித் திருப்பினாள். கொக்கி நான்காவது துளையில்தான் இருந்தது. அதன் குறுக்கேதான் தோல் மடிந்து, சாயம் வெளுத்து, ஒரு கோடு விழுந்திருந்தது. மற்ற துளைகள் இயந்திரம் குத்திய வட்டம் கலையாமல் புதிதாக இருந்தன. ஒரு நாள்கூட அவற்றில் கொக்கி ஏறியதில்லை. தோலைக் கையாண்டவர் யாரும் ஒரே பார்வையில் அதைப் படித்துவிடலாம்.

மேசைக்கு அடியில் அவள் இரு விரல்களையும் சேர்த்துப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடத்துக்கு மேலே மூட்டு புடைத்திருந்தது. திரும்பி வந்த ஏழு பட்டைகளும் நினைவுக்கு வந்தன.

"அக்கா போட்டா தப்பாகாது சார்" என்றார் முதலாளி, அனுதாபமாகவே. ரசீது எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவியின் பேனா நின்றது.

"தளர்த்தியிருக்கீங்க ஐயா" என்றாள் அவள். "நான் போட்டது மூணாவது ஓட்டை."

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை, வெகுநேரம் தேடிய பொருள் கிடைத்ததுபோல ஒரு தெளிவுதான் முகத்தில் இருந்தது.

"அப்ப என் பொண்ணு சொன்னது சரிதான். தெரியாம உங்கமேல பழி போட்டுடக் கூடாதேன்னுதான் கேக்க வந்தேன்."

பட்டையை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னார், வேறு ஏதாவது நாய்க்கு ஆகும் என்று. வாசற்படியில் நின்று சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இரண்டு படி இறங்கியவர் மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

முதலாளியின் மனைவி விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். அந்தப் பட்டை அட்டைப்பெட்டிக்குள் போகவில்லை.

சிறிது நேரத்தில் இளம் தம்பதியர் ஒரு நாயுடன் வந்து, இருவிரல் அக்கா யார் என்று விசாரித்தார்கள். முதலாளி பெருமையாகக் கை காட்டினார். அவள் பட்டையை மாட்டி, மண்டியிட்டு, விரல்களைச் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சிக்காமல், தொளதொளக்காமல் வந்தன. விரல்களை உருவிக்கொண்டு, கொக்கியைக் கழற்றி, ஒரு துளை இறுக்கி மாட்டினாள்.

"மூச்சு முட்டாதாக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"முட்டாதும்மா" என்று சொல்லி, தரையில் கையூன்றி எழுந்தாள்.