மாரே என்றோர் உறவு

எதிர்வீட்டுக்கு அந்தப் பிலிப்பைன்ஸ்காரி குடிவந்தபோது நான் ஆறு மாத கர்ப்பிணி. லான்மடாவில் எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இரண்டே வீடுகள்தான். ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்திருந்தாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். மற்றவர்களைப் போல நானும் அவளை ‘சயாமா’ என்றுதான் கூப்பிட்டேன். டீச்சரம்மாவுக்குப் பர்மாக்காரர்கள் சொல்லும் சொல் அது. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவளுக்குத் தெரிந்த பர்மியமும் கலந்து எங்கள் பேச்சு எப்படியோ ஓடியது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், நாள் இன்னும் இருக்கும்போதே எனக்கு வலி எடுத்துவிட்டது. கணவர் ஆற்றுக்கு அப்பால், தன்லியினில், தொழிற்சாலையில் இருந்தார். உடனே கிளம்பினார். ஆனால் பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றதால் பஸ் நகரவில்லை. அம்மா க்யிம்யிண்டைங்கிலிருந்து வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று பயந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கையெல்லாம் மாவோடு திறந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் என்னை உட்காரவைத்துத் தானும் படியில் உட்கார்ந்தாள். மாவு என் புடவையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: “நீங்க யாரு?”

“அக்கா” என்றாள், கொஞ்சமும் தயங்காமல். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்படியே எழுதிக்கொண்டாள். என் மகளை எனக்கு அடுத்துக் கையில் வாங்கியவள் அவள்தான்.

ஞானஸ்நானத்துக்கு அவளையே ஞானத்தாயாக நிற்கச் சொல்லிக் கேட்டேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

“யோசிச்சுத்தான் கேக்கிறியா? எங்க ஊர்ல இது ஒரு நாள் கூத்து இல்ல.”

“யோசிச்சுத்தான் கேக்கிறேன்.”

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். “மாரே, பிள்ளைய குடு. நீ சாப்பிடு.”

“மாரேயா? யாரு அது?”

“நீதான். உனக்கு நானும் மாரே.”

ஸ்பெயின்காரர்கள் அவர்கள் தீவுகளை முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட காலத்தில் கத்தோலிக்கச் சாமியார்களோடு வந்த சொல் அது என்று அப்போதுதான் சொன்னாள். ‘கோமாத்ரே’ என்றால் உடன்தாய். அவர்கள் வாயில் அது ‘குமாரே’ ஆகி, கூப்பிடும்போது ‘மாரே’ என்று சுருங்கிவிட்டது. ஆண்களுக்கு ‘கும்பாரே’, கூப்பிடும்போது ‘பாரே’. பிள்ளைக்கு ஒரு ஞானத்தாய் கிடைக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைப்போம். அவர்களோ பெற்றவளும் ஞானத்தாயும் அன்றிலிருந்து ஒருத்திக்கு ஒருத்தி சொந்தமாகிவிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

“இப்பல்லாம் மீன்காரிய கூட மாரேன்னு கூப்பிடுறாங்க. ஆனா உன்னைக் கூப்பிடுறது அந்த மாரே இல்ல” என்றாள்.

அம்மாவின் காதில் ‘குமாரே’ வேறு மாதிரி விழுந்திருந்தது. “ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயாச்சு. அப்புறம் என்னடி குமாரி?”

நான் விளக்கிச் சொன்னதும் அம்மா சொன்னாள்: “நம்ம பேச்சுல சம்பந்தின்னு வச்சுக்கயேன்.”

“சம்பந்திக்குக் கல்யாணம் நடக்கணும்மா.”

“அப்ப நமக்கு அந்த வார்த்தையே இல்லை” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள் அம்மா.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக் கதவுகளும் பகலில் சாத்தியிருந்ததே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்னைத் திட்டும் உரிமை அவளுக்கு வந்தது. அவள் வினிகர் ஊற்றிச் சமைக்கும் கறிக்கு என் ரசம் துணை போனது. மகள் அவளை ‘நினாங்’ என்றாள். ஞானத்தாயை அவர்கள் பிள்ளைகள் கூப்பிடுவது அப்படித்தான். அவள் கணவனின் கப்பல் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தது. அவரும் என் கணவரும் சந்தித்தது அந்த ஒரே சாயங்காலம்தான். இன்றுவரை போனில் இருவரும் ‘பாரே, பாரே’தான்.

தொற்றுநோய் வந்து பள்ளிகளை மூடினார்கள். அவளுக்கு ஒரு சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்தது. முகக்கவசத்தோடு மாடிப்படியில் தள்ளித்தள்ளி நின்றோம். “சட்டிபானை இருக்கட்டும் மாரே. பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துடுறேன்” என்றாள். மகள் அவளிடம் ஓடப் பார்த்தாள், நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நாடு போன போக்கில் அந்தப் பள்ளி திறக்கவே இல்லை. வீட்டுக்காரர் வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார். அவள் பாத்திரங்களை நான்தான் எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். இப்போதும் சாயங்காலத்தில் எதிர்க்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் கை வேலை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

போன வருஷம் ஒரு நாள் போனில் வயிற்றைக் காட்டினாள். நாற்பது தாண்டி, இனி இல்லை என்று அவளே விட்டுவிட்ட பிறகு உண்டான பிள்ளை. பையன் பிறந்ததும் சொன்னாள், “நீதான் நினாங்.”

“நான் எப்படி வர்றது மாரே?”

“என் தங்கச்சி உனக்குப் பதிலா பிள்ளைய ஏந்துவா. ஞானத்தாய் நீதான். சாமியார்கிட்ட கேட்டாச்சு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். அம்மாவும் வந்திருந்தாள். விடியலிலேயே கரண்ட் போயிருந்தது. கீழ்வீட்டு பேட்டரியில் சார்ஜ் ஏற்றிய போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குச் சற்று முன் படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சாமியார் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். தங்கை பதில் சொல்வது கேட்டது. எங்கள் கோயிலில் அந்த இடத்தில் சொல்லும் வார்த்தை எனக்குத் தெரியும். “விசுவசிக்கிறேன்” என்று தமிழில் உரக்கச் சொன்னேன். பிறகு குரலும் அறுந்துவிட்டது.

“அம்மா, ஏன் அழுறீங்க?” என்று மகள் பர்மியத்தில் கேட்டாள். அவளுக்கு அந்த மொழிதான் முதலில் வருகிறது. அவள் தலையைத் தடவினேன்.

சாயங்காலம் லைன் கிடைத்தது. “உன் குரல் கோயில் முழுக்கக் கேட்டுச்சு மாரே. சாமியார் ஒரு நிமிஷம் நின்னுட்டார். யாருன்னு கேட்டார். பிள்ளையோட நினாங்னு சொன்னேன்.”

“பிள்ளை கனமா இருக்கானா?”

“கை விட்டுப்போகுது. வந்து தூக்கிப் பாரு.”

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கிறேன். எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் இப்போது பிடிக்காமலே உட்காருகிறான். நடக்கத் தொடங்குவதற்குள் போய்விட வேண்டும். பிள்ளைகள் தூக்கிக்கொள்ள விடுவது கொஞ்ச காலம்தான்.