அக்கா காத்திருந்த திங்கட்கிழமைகள்

1998 ஓகஸ்ட் 16ஆம் திகதியிட்டு, அமெரிக்காவிலிருந்து என் மருமகன் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் இப்படி இருக்கிறது: "அம்மா, இந்த முறை எங்கட ஆக்கள் கட்டாயம் கடைசிச் சுற்றுக்குப் போவினம் எண்டு இஞ்சை எல்லாரும் சொல்லுகினம். போனால் என்ரை வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமெண்டால் வதிவிடக் கடதாசி அலுவலும் சரிவரும். பிறகு கொழும்பு மட்டும் வந்து உங்களைப் பாப்பன்."

அந்தத் தாய் என் அக்கா. கடிதம் முள்ளிவாய்க்காலில் எங்கள் கைக்கு வந்தது ஒக்டோபர் 14ஆம் திகதி. கிளிநொச்சிச் சண்டையோடு தபால் எல்லாம் வவுனியாவில் தேங்கிக் கிடந்த காலம் அது. "எங்கட ஆக்கள்" என்று மருமகன் எழுதியது சம்பளத்துக்கு விளையாடும் ஓர் அமெரிக்க உதைபந்தாட்ட அணியை. அந்த வீரர்களின் உடுப்புகளைத் தோய்க்கும் பகுதியில் அவருக்கு வேலை. அணியின் பெயரையும் நகரத்தின் பெயரையும் இந்த நினைவு மலரில் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை.

அக்காவின் ஓராண்டு நினைவு மலரில் இதை முதலில் எழுதுவது உறவினர் சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் அக்காவின் கடைசி மாதங்களை அந்த அணியைத் தவிர்த்து என்னால் எழுத முடியாது.

அக்கா பிறந்தது 1940 பெப்ரவரி 11ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில். கோவிலின் ஞானஸ்நானப் பதிவும் அதையே சொல்கிறது. அடையாள அட்டையில் 1942 என்று இருப்பது பிழை. அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நான்கு. அன்றிலிருந்து குசினி அடுப்பு அக்காவினுடையது. ஐயா கரைவலைக்குப் போய்விடுவார். அக்கா என்னைக் குளிப்பாட்டி, சீப்பால் தலை இழுத்து, பள்ளிக்கூட வாசல் மட்டும் கொண்டுவந்து விட்டுவிட்டு, அப்படியே கடற்கரைக்குப் போய் மீன் வெட்டுவார். நான் படித்த படிப்பு அக்கா காயவைத்த கருவாட்டில் வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் எனக்கு வேலை கிடைத்த நாளில் அக்கா சொன்னது ஒன்றுதான்: "இனிமேல் சட்டையை நீயே தோய்."

1963இல் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. அத்தான் கடலிலும் நந்திக்கடல் நீரேரியிலும் தொழில் செய்தவர். 1967இல் ஒரே மகன் பிறந்தார். 1981 நவம்பரில் அத்தானின் வள்ளம் திரும்பி வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. சேமக்காலையில் அத்தானுக்கு ஒரு குழி இல்லாததால், மரித்தோர் நாளில் அக்கா மெழுகுதிரியைக் கடற்கரை மணலில் ஏற்றுவார். காற்று அணைக்கும். மறுபடி ஏற்றுவார்.

மகனை அக்கா வெளியே அனுப்பிய காரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1988இல் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகத் தலையாட்டிக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். முகம் தெரியாமல் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு இருத்தப்பட்டவன் தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வராது. மருமகனுக்கு அந்தத் தலை ஆடவில்லை. அவருக்கு முன்னால் போனவருக்கு ஆடியது. அக்கா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளின் பின், அத்தானின் எஞ்சினையும் தன் நகைகளையும் விற்று மகனை அனுப்பினார். 1990க்குப் பிறகு தாயும் மகனும் நேரில் காணவில்லை.

இப்போது அந்த அணிக்கு வருகிறேன். மருமகன் முந்திய கடிதமொன்றில் விளையாட்டை விளக்கியிருந்தார். பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருக்குமாம். அதைக் கையால் இடுக்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடுவார்களாம், எறிவார்களாம், காலால் உதைப்பது எப்போதாவதுதானாம்.

"அப்ப ஏன் உதைபந்து எண்டு சொல்லுகினம்?" என்று அக்கா கேட்டார்.

"எனக்குத் தெரியாது அக்கா."

"உவ்வளவு புத்தகம் படிச்சனி."

திங்கட்கிழமை விடியற்காலையில் சிற்றலையில் வரும் அமெரிக்க ஆங்கிலச் செய்தியின் கடைசியில், ஞாயிறு ஆட்டங்களின் முடிவுகளை வாசிப்பார்கள். பொருளாதாரத் தடையால் பற்றறி வன்னிக்குள் வராத காலம். என் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்திருந்தேன். அக்கா பலகைக்கட்டையில் இருந்து பெடலைக் கையால் சுற்றுவார். நான் றேடியோவில் காதை வைத்திருப்பேன். அக்காவின் கை களைத்தால் வாசிப்பவரின் குரலும் தளரும். "சுத்துங்கோ, சுத்துங்கோ, இப்பதான் வருகுது" என்பேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த நகரத்தின் பெயரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பெயர் வந்தவுடன் என் முகத்தைப் பார்ப்பார்.

ஒக்டோபர் 19ஆம் திகதி முதன்முதலாகக் கேட்டோம். தோல்வி. அடுத்த திங்களும் தோல்வி. அதற்கு அடுத்ததும். முந்திய வருடம் பெரிதாக வென்ற அணி என்று மருமகன் எழுதியிருந்தார். இந்த வருடம் என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. புள்ளிகளைக் கேட்டு வந்து அக்கா கடற்கரையில் சொல்லுவார். எங்கள் ஊர் அணிக்கு ஒருகாலம் கோல் காத்த அயலவர் ஒருவர், வலை பொத்திக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தார்.

"முப்பத்தொண்டோ? கீப்பர் நித்திரையோ அக்கா?"

"அங்கை கீப்பர் இல்லையாம்."

"இல்லாட்டி கோல் விழத்தானே செய்யும். ஒரு ரிக்கெற் எடுத்துத் தாங்கோ, நான் போய் நிக்கிறன்."

"திருநாள் ஆட்டத்திலை நீ விட்டதையும் நாங்கள் பாத்தனாங்கள்தானே. வலையைப் பொத்து."

நவம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்தபின், அக்கா சுவாமியாரிடம் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டார். நானும் நின்றேன்.

"என்ன கருத்துக்கு, அம்மா?"

"மகன் வேலை செய்யிற இடத்து ஆக்கள் வெல்லவேணும் சுவாமி."

சுவாமியார் சுற்றிப் பார்த்தார். "ஆர் ஆரை வெல்லுறது?"

"பந்தடியிலை சுவாமி. அமெரிக்காவிலை."

"உந்தக் கருத்தை நான் பீடத்திலை நிண்டு வாசிச்சால் சனம் வேறை விதமாய் எடுக்கும். ஒரு தாயின் மகனுடைய வேலைக்காக எண்டு வாசிக்கிறனே?"

"அவை வெல்லாமல் அவன்ரை வேலை என்னெண்டு நிக்கும்?"

"அதை ஆண்டவருக்கு நீங்கள் தனியச் சொல்லுங்கோ."

அக்கா தனியாகச் சொல்லியிருப்பார். சந்தேகமில்லை.

ஒக்டோபர் 4ஆம் திகதியிட்ட அடுத்த கடிதம் நவம்பர் நடுப்பகுதியில் வந்தது. பந்தை எறிகிற முதன்மை வீரருக்கு முழங்கால் முறிந்துவிட்டதாம். பயிற்றுநரை நீக்கப் போகிறார்களாம், அவரோடு கீழே உள்ள பலரும் போவார்களாம். அரங்கில் பாதி இருக்கைகள் வெறுமையாம். வருகிற ரசிகர்களிலும் சிலர், கடதாசிப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறார்களாம். மருமகன் இதைப் பகிடியாகத்தான் எழுதியிருந்தார். நானும் சிரித்துக்கொண்டு வாசித்தேன். நிமிர்ந்தபோது அக்காவின் கை நெஞ்சில் இருந்தது.

"அங்கையும் இருக்கினமோ?"

"ஆர் அக்கா?"

"தலையாட்டியள். ஆரை நிப்பாட்டுறது எண்டு அவைதான் காட்டிக் குடுக்கிறவையோ?"

அது வெட்கத்துக்குப் போடுவது, தோற்கிற அணியின் ஆட்களென்று தெரியாமல் இருக்க முகத்தை மறைக்கிறார்கள் என்று விளக்கினேன். அக்கா நெடுநேரம் நம்பவில்லை. "வெக்கப்படுறவன் வீட்டிலை இருக்கலாந்தானே. சாக்கைப் போட்டுக்கொண்டு ஏன் வாறான்?" என்றார். அந்தக் கிழமை முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகனுக்கு எழுதச் சொன்ன பதிலில், சாக்குப் போட்டவர்கள் இருக்கும் பக்கம் போக வேண்டாம் என்று இரண்டு தரம் எழுதுவித்தார்.

நவம்பர் 30ஆம் திகதி, திங்கட்கிழமை, அணி வென்றது. நாங்கள் கேட்கத் தொடங்கியபின் வந்த முதல் வெற்றி. நான் சொன்னதும் அக்கா பெடலை விட்டுவிட்டு எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டார். தேத்தண்ணி வைத்து, ஒளித்து வைத்திருந்த சீனியைக் கையில் தந்தார். பிறகு அடுப்படியில் இருந்தபடியே கேட்டார்:

"தோத்த பக்கத்திலை உடுப்புத் தோய்க்கிறது ஆர் தம்பி?"

"எனக்கென்னெண்டு தெரியும்? ஆரும் ஒருத்தன்."

"அவனுக்கும் தாய் இருப்பாதானே."

"இருப்பா."

"அவவும் எங்கையும் பூசை ஒப்புக்குடுத்திருப்பா."

டிசெம்பர் முதல் ஞாயிறு அக்கா மறுபடி சுவாமியாரிடம் போனார்.

"சுவாமி, வெல்லவேணும் எண்டு இனிக் கேக்கேல்லை."

"வேறை என்னத்தைக் கேக்கிறது?"

"இரண்டு பக்கத்திலையும் ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்டக்குடாது எண்டு."

சுவாமியார் சிரித்தார். "அது வெல்லுறதை விடக் கஷ்டம் அம்மா."

திரும்பி வரும் வழியில் எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு மகன் வரவேண்டாமோ?" என்று கேட்டேன். அக்கா ஒழுங்கையில் நின்றுவிட்டார்.

"வரவேணும். நான் சாக முதல் வரவேணும். ஆனா அண்டைக்கு இவனுக்கு முன்னாலை போன பிள்ளைக்குத் தலை ஆடேக்கை, நான் 'ஆண்டவரே நன்றி' எண்டு சொன்னனான். அந்தப் பிள்ளையின்ரை தாய் எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவ. இன்னொருக்கா அப்பிடிச் சொல்லேலாது தம்பி."

பத்து ஆண்டுகளாக அக்கா அதை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் திங்கட்கிழமைகளில் பெடலைச் சுற்றினார். டிசெம்பரில் நாங்கள் கேட்ட முடிவுகள் எல்லாம் தோல்வியே. "ம்" என்பார். வென்றது எந்த நகரம் என்று கேட்பார். சொல்லுவேன்.

அந்த மாரியில் ஊரெங்கும் மலேரியா. நத்தார் பூசைக்கு அக்கா நடுங்கிக்கொண்டுதான் வந்தார். டிசெம்பர் 26ஆம் திகதி காய்ச்சல் தலைக்கு ஏறி, ஆள் தெரியாமல் கதைக்கத் தொடங்கினார். உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்து, சேறு நிறைந்த வீதியால் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். மருந்து கிடைப்பது அரிதாக இருந்த நாள்களில், வைத்தியரும் தாதியரும் தங்களிடம் இருந்ததை எல்லாம் கொடுத்தார்கள். 28ஆம் திகதி காலை அக்காவுக்கு நினைவு தெளிந்தது. என்னைப் பார்த்தார்.

"இண்டைக்குத் திங்களோ?"

"ஓம் அக்கா."

"என்னவாம்?"

முந்திய நாள் நடந்ததுதான் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். றேடியோவும் சைக்கிளும் வீட்டில் இருந்தன. "இன்னும் கேக்கேல்லை அக்கா, கேட்டுச் சொல்லுறன்" என்றேன். தலையை அசைத்தார். நான் அவரை விட்டு அகலவில்லை. 1999 ஜனவரி 2ஆம் திகதி, சனிக்கிழமை, பகல் ஒரு மணிக்குப் பிறகு அக்காவின் உயிர் பிரிந்தது. மறுநாள் முள்ளிவாய்க்கால் சேமக்காலையில், அம்மாவுக்கு அருகே அடக்கம் செய்தோம்.

மருமகனின் வேலை அந்த அணியின் பயிற்றுநரோடு ஜனவரியிலேயே போய்விட்டது. இப்போது வேறோரிடத்தில் சமையலறையில் நிற்கிறார். கடதாசி கிடைக்கவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, இந்த ஓராண்டுக்கும் வர முடியவில்லை. தாயின் படமொன்று கேட்டு எழுதியிருந்தார். இம்மலரின் முன்பக்கத்தில் இருப்பதன் பிரதி அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அக்காவை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்று, கூலி வாங்க மறுத்த உழவு இயந்திரச் சாரதிக்கும், இரவுபகலாகக் கவனித்த தாதியருக்கும், இறுதிப் பூசையில் அக்காவின் கடைசிக் கருத்தையும் சேர்த்து, இம்முறை முழுமையாகவே வாசித்த சுவாமியாருக்கும், குளிப்பாட்டி உடுத்திவிட்ட அயல் பெண்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், எட்டாம் நாள் செலவு வரை சாப்பாடு கொண்டுவந்து, எங்கள் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட கரைவலைக் குடும்பங்களுக்கும், இந்தத் தட்டுப்பாட்டில் தாள் தேடி இதை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விடயம் மட்டும் முடியாமல் நிற்கிறது. 1998 டிசெம்பர் 27ஆம் திகதி நடந்த அந்தக் கடைசி ஆட்டத்தின் முடிவை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை. வென்றது என்று மருமகன் எழுதியிருக்கிறார். ஆனால் தாய் கடைசியாகக் கேட்டது அதைத்தான் என்று நான் அவருக்கு அறிவித்த பிறகு வந்த பதில் அது. வேறெவரிடமிருந்தும் தகவல் கிடைக்கவில்லை. ஆகவே, வென்றதாக மகன் எழுதியிருக்கிறார் என்று மாத்திரம் இங்கே பதிகிறேன்.