வண்ணம் வராத திரை

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியதால் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மருந்துக்கடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அன்று மாலைக்குள் புதிய சாஃப்ட்வேர் கடைகளுக்குப் போயாக வேண்டும். லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் டீம் சீனியர் வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனேன். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

மிச்சமிருந்தது ஒரே வேலை. கறுப்புத் திரையில் வரும் எழுத்துக்கு வண்ணம் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். மாற்றியதும் எங்கள் சோதனை புரோகிராம் ஓடவே இல்லை. அந்த லைப்ரரியை உள்ளே கூப்பிட, புதிய பதிப்பில் பழைய ‘ரிக்வயர்’ என்ற கட்டளை செல்லாது, ‘இம்போர்ட்’ என்று எழுத வேண்டும். ஒவ்வொரு ஃபைலாகத் திருத்தினேன். மேனேஜர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

ஒருவழியாக ஓடியது. ஆனால் வண்ணம் வரவில்லை. சோதனையில் கடைக்கு ஒரு வரி வரும். கடை அனுப்பிய ஸ்டாக் எண்ணிக்கையும் எங்களுக்கு வந்து சேர்ந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் அந்த வரி பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இப்போது திரை முழுக்க வெள்ளை எழுத்து. ஏதோ ஒரு கடை ஒத்துப்போகவில்லை என்று கடைசி வரி மட்டும் சொன்னது. எந்தக் கடை? அப்படியே அனுப்பினால், அங்கே இருக்கிற மருந்தையே இல்லை என்று காட்டிவிடும். என் கண் எந்த வரியிலும் நிற்கவில்லை.

“கொஞ்சம் தள்ளு, நான் பார்க்குறேன்” என்றார் அண்ணா. விரலைத் திரையில் வைத்து நிதானமாகக் கீழே இறங்கினார். “இதோ, பீர்க்கன்கரணை கடை. அனுப்பினது ஒரு நம்பர், வந்தது வேற நம்பர்.”

“கலரே இல்லாம எப்படிண்ணா இவ்ளோ சீக்கிரம்?”

“எனக்கு எப்பவும் இப்படித்தாம்மா. சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். நம்பரைத்தான் படிப்பேன்.”

இத்தனை வருடம் ஆபீஸில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். “சொல்லவே இல்லையேண்ணா” என்றேன்.

“வேலை நடக்குதுல்ல, விட்டுட்டேன்.”

அந்தக் கடையின் விவரத்தைச் சரிசெய்து, இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டோம். மறுநாள் வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். கூடவே ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ‘சரி’, ‘தவறு’ என்று வார்த்தையாகவே வரவைத்தேன். அண்ணா ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது ஈஸியா இருக்கு” என்று சிரித்தார்.

எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டோம் என்று தோன்றும்போதெல்லாம் இப்போது எனக்கு நிம்மதி வருவதில்லை. யார் எதைச் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று மனம் தேட ஆரம்பித்துவிடுகிறது.