சாட்சிகளை விட்டுவிட்ட விவாதம்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த மேடையிலும் முதல் ஆளாக ஏறி, மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு இறங்குகிறவர் என்பதால் ஹலோக்காரர் ஆகிப்போனார். ஒலிபெருக்கி, மிக்ஸர், வயர்ச் சுருள் எல்லாவற்றையும் ஒரு பழைய வேனில் திணித்துக்கொண்டு கல்யாணத்துக்கும் போவார், கட்சிக் கூட்டத்துக்கும் போவார். மேடையில் ஏறுகிறவர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டால் போதும் என்று இருந்த மனிதர்.

அப்படிப்பட்டவருக்கே மேடைப் பேச்சு உறுத்த ஆரம்பித்தது விவாதக் கூட்டங்களில்தான். ஒரு பாஸ்டரும் ஒரு மௌலவியும் ஊர் ஊராகப் போய், மோசேயின் சட்டத்தையும் ஷரீஅத் சட்டத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பேசினார்கள். முதலில் ஹலோக்காரருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பன்றியைத் தொடாதே என்று இரண்டு சட்டமும் சொன்னது. வட்டியை இரண்டும் கண்டித்தது. விதவையையும் அநாதையையும் வாட்டாதே என்று இரண்டும் ஒரே குரலில் அதட்டியது. "ஒரே வீட்டுல வளந்த ரெண்டு புள்ளைங்க பேசுற மாதிரி இருக்கு" என்று தங்கையிடம் வந்து வியந்தார்.

ஆனால் ஒற்றுமையைப் பேசினால் நாற்காலிகள் காலியாகின. கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்பதை இருவரும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அடங்காத மகனை ஊர் கூடிக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் இடத்தை மௌலவி வாசிப்பார். திருடனின் கையை வெட்டச் சொல்லும் இடத்தை பாஸ்டர் வாசிப்பார். அடுத்தவர் புத்தகத்தில் ரத்தம் இருக்கிற பக்கத்தை மட்டும் தேடித் தேடி எடுப்பது. முன்வரிசை சப்புக்கொட்டும். கூட்டம் முடிந்து மைக்கின் கம்பி வலையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் போடும்போது எச்சில் வாடை அடிக்கும். எல்லாக் கூட்டத்திலும் அடிக்கிற வாடைதான். இந்தக் கூட்டத்து வாடைக்கு மட்டும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

தங்கை அப்போது அவர் வீட்டில்தான் இருந்தாள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் புருஷன், இவளுக்கு வேறு யாருடனோ தொடர்பு என்று சொல்லி ஒரு பையோடு வெளியே தள்ளியிருந்தான். எதையும் பார்த்தவர் எவரும் இல்லை. அவன் சொன்னான், தெரு நம்பிவிட்டது. வந்தவள் மூலையில் முடங்கவில்லை. அறுந்த வயரைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள், வேனில் ஏறினாள், கூட்டங்களில் அண்ணன் பக்கத்திலேயே மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், மண்டபம் நிறைந்திருந்தது. கேள்வி நேரம் வந்தது. கூட்டத்திலிருந்து வந்த துண்டுச் சீட்டு ஒன்றை அமைப்பாளர் பிரித்துப் படித்தார். "நம்ம ஊர்ல செல்போன் கடைக்காரர் பொண்டாட்டி மாதிரி நடத்தை கெட்டவளுக்கு உங்க ரெண்டு சட்டத்துலயும் என்ன தண்டனை?"

தலைகள் தங்கை பக்கம் திரும்பின. ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்ப்பதற்காக நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்கள். தங்கை கையிலிருந்த வயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

ஹலோக்காரருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இதே இருவரும் ஆரம்பக் கூட்டங்களில் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. மோசேயின் சட்டத்தில் ஒருவன் சாட்சி மட்டும் செல்லாது, இரண்டு மூன்று பேர் வேண்டும். பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு, அவன் அடுத்தவனுக்கு நினைத்த தண்டனையே விழும். ஷரீஅத்தில் கண்ணால் கண்ட நாலு பேர் வேண்டும். கொண்டுவராமல் பழி சொன்னவனுக்கு எண்பது கசையடி. இப்போது அதைத்தானே சொல்வார்கள் என்று காத்திருந்தார்.

மேடை மைக்கில் விழுவதை மண்டபத்துக்கு விடாமல் தான் மட்டும் ஹெட்போனில் கேட்கிற வசதி அவரிடம் உண்டு. பதில் சொல்வதற்கு முன் இருவரும் தலையைச் சாய்த்துக் குசுகுசுத்தது அவர் காதில் விழுந்தது.

"சாட்சி விஷயத்த எடுக்கட்டுமா பாஸ்டர்?"

"வேணாம் ஹஜ்ரத், சப்புனு போயிரும். கல்லெறியில ஆரம்பிங்க. நான் மோசே சட்டத்துல, புருஷன் சந்தேகப்பட்ட பொண்டாட்டிக்குக் கசப்புத் தண்ணி குடுத்துச் சோதிக்கிறத எடுக்கிறேன்."

"அந்தப் பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கு போலிருக்கே."

"அப்பன்னா இன்னும் சூடு பிடிக்கும்."

மெல்லிய சிரிப்பு.

ஹலோக்காரர் யோசிக்கவில்லை. அந்த மைக்கின் சத்தத்தை முழுதாக ஏற்றினார். சிரிப்பின் வாலும், "நீங்க பத்து நிமிஷம், நான் பத்து நிமிஷம். சாட்சி பேச்சே வேணாம்" என்ற பாஸ்டரின் குரலும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஜனங்களுக்குக் கோபம் வரும், வெட்கமாவது வரும் என்று நினைத்துதான் ஏற்றினார்.  ஆனால் முன்வரிசையில் ஒருவர் கெக்கெக்கே என்று சிரித்தார். இன்னொருவர் கைதட்டினார். "ஆமா ஹஜ்ரத், கல்லெறியிலயே ஆரம்பிங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மேடையில் இருவரும் முதலில் திகைத்து, அப்புறம் தாங்களும் சிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். திருடியதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்தவனிடம், வைத்துக்கொள் என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர்கள் முகம்.

ஹலோக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். அமைப்பாளர் ஓடிவந்தார்.

"என்னங்க இது, பாதியில?"

"என் சாமான், எடுத்துட்டுப் போறேன்."

"மானம் போயிரும்ங்க."

"யாருக்கு?" என்றாள் தங்கை. கேட்ட கையோடு மேடையேறி, மௌலவியின் முகத்துக்கு முன்னாலிருந்த மைக்கை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றும்போதும் உள்ளே பாஸ்டரின் வெறுங்குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நல்ல தொண்டை அவருக்கு.

வழியில் ஹலோக்காரர் வேனை ஓரங்கட்டி, இறங்கி வாந்தி எடுத்தார். தங்கை தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அவங்க ரெண்டு பேரையும் விடு அண்ணே, அது பிழைப்பு. சும்மா கேக்க வந்தவங்க சிரிச்சாங்க பாரு, அதுதான் எனக்கு ஆறல."

அதன்பின் வேறொரு ஒலிக்காரரை வைத்து விவாதங்கள் நடந்தன. கூட்டம் முன்பைவிட அதிகம் என்று கேள்வி. சில மாதம் கழித்து பாஸ்டரும் மௌலவியும் ஒரே காரில் ஹலோக்காரரின் ஒலிபெருக்கிக் கடைக்கு வந்து இறங்கினார்கள். புது ஆளின் செட் பேச்சுக்கு நடுவே கீச்சென்று ஊளையிடுகிறதாம்.

"மனசுல வச்சுக்காதீங்க. மேடைன்னா அப்படித்தான்" என்றார் மௌலவி.

"உங்க செட்டு மாதிரி வராதுங்க" என்றார் பாஸ்டர்.

ஹலோக்காரர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. தங்கைதான் பற்றவைக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"கதவ மறிக்காம நில்லுங்க. உள்ள காத்து வரல" என்றாள்.

இருவரும் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.