பன்றிக்கொழுப்பு தடவிய அங்கி

"பேரு இருக்கிற இடத்துல நல்லா தடவும்மா" என்றார் கோயில்பிள்ளை பாஸ்குவால்.

"பேர்லதான் தடவுறேன். நீங்க ஏணியை ஆட்டாம பிடிங்கண்ணே."

பிரியாண்டாவின் கையில் ஒரு கிண்ணம் பன்றிக்கொழுப்பு. மாதா கோவில் சுவரில் தொங்கியது அவள் தாத்தாவின் மஞ்சள் அங்கி. அவர் பன்றி தின்பதில்லை, ரகசிய யூதர் என்று யாரோ போய்ச் சொல்ல, மத விசாரணை மன்றம் மூன்று வருடம் அந்த அங்கியோடு அவரைத் தெருவில் நடக்கவைத்தது. தண்டனை முடிந்ததும் அங்கி சுவரேறியது. வம்சத்துக்கும் தெரிய வேண்டுமாம். கீழே கொட்டை எழுத்தில்: தியேகோ காசோர்லா, கொத்தன், பதிதன். மதம் தவறியவன் என்று அர்த்தம்.

"உயிரோட இருந்தப்ப ஒரு துண்டு வாயில வைக்கல மனுஷன். இப்ப குளிப்பாட்டுறே."

"கொள்ளுப்பேத்தி கல்யாணத்துக்குத்தானே. பொறுத்துக்குவாரு. எலி வருமா?"

"எங்க கோவில் எலிக்கு மெழுகுவர்த்திதான் சாப்பாடு. இது விருந்து."

மகள் லெயோனோருக்குப் பேசியிருந்த பையன் பக்கத்து ஊர். கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறன்று அவன் அம்மா மென்சியா வருவதாக ஏற்பாடு. எந்தக் கோவிலுக்குப் போனாலும் அவள் முதலில் சுவரை வாசிப்பாள். பிறகுதான் சிலுவை போடுவாள். "எங்க பாரியெந்தோஸ் வம்சத்து ரத்தம் சுத்தம். உங்க ஊர்க் கோவிலைக் கட்டினதே எங்க முன்னோருங்கதான்" என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தாள்.

எட்டு நாளில் தாத்தாவின் பெயர் போய்விட்டது. ருசி கண்ட எலிகள் பக்கத்து அங்கிகளையும் விடவில்லை. பங்குச்சாமியார் பயந்துபோய் தொலேதோவில் இருந்த விசாரணை மன்றத்துக்கு எழுதினார். எழுத்தர் ஒருவர், தண்டனை பெற்றவர்களின் தடித்த பதிவேட்டோடு வந்து இறங்கினார்.

"துணியைத்தான் எலி தின்னுச்சு. பதிவேட்டைத் தின்னலையே" என்றார்.

கிழிந்தது மட்டுமல்ல, என்றைக்கோ மட்கி விழுந்தவையும் புதிதாகத் தைக்கப்பட்டன. எழுத்துகள் இன்னும் பெரிதாக. சனிக்கிழமை பாஸ்குவால் ஏணியில் ஏறி எல்லாவற்றையும் மாட்டினார். பிரியாண்டா கீழே நின்று அழுதாள்.

ஞாயிறு காலை மென்சியா வந்து சுவரை வாசிக்கத் தொடங்கினாள். தியேகோ காசோர்லாவில் நின்றாள். திரும்பி பிரியாண்டாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அடுத்த அங்கி. அந்தோன் பாரியெந்தோஸ், தோல் பதனிடுபவன், பதிதன்.

"இது யாரு?"

"உங்க ஆளுங்க கட்டின கோவிலாச்சே சம்பந்தி. எங்களைக் கேட்டா?"

மென்சியா சிலுவை போட்டாள். வழக்கத்தைவிட நிதானமாக.

"நிக்கவே முடியல, கால் வலிக்குது. ஓலையை வாசிக்கச் சொல்லுங்க."

மறுநாள் திங்கட்கிழமை. பாஸ்குவால் ஏணியைக் கொட்டகையில் வைத்தார். பிரியாண்டா மீதிக் கொழுப்பில் முட்டைக்கோசு வதக்கினாள். ஊருக்குக் கிளம்புமுன் மென்சியா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பன்றிக்கொழுப்பு வாசனை ஊருக்கே தெரியட்டும் என்று தெருக்கதவு திறந்தே இருந்தது.