வெற்றுத்தாளில் வைத்த ரேகை

நேற்று புஞ்சாக் ஆலாம் தபால் நிலையத்தில் முத்திரை மையின் வாடை வந்தது. கையில் நாளிதழ். முதல் பக்கத்தில், டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் பழைய சட்டமன்ற உறுப்பினர் நீதிமன்றப் படியிறங்கிக்கொண்டிருந்தார். ஊழல் வழக்கு. வயதாகியும் அதே சிரிப்பு.

எண்பதுகளில் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நான் சின்னக் கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுகிறவன். தன் முதல் தேர்தலுக்கு டத்தோ பழைய டட்சனில் ஓட்டுக் கேட்டு வந்தார். கண்ணாடி பாதியில் நின்றுவிடும் கார். அடுத்த முறை வால்வோ, பிறகு மெர்சிடிஸ். (இதையெல்லாம் டைரியில் எழுதிவைக்கிற ஆள் நான். சிரிக்காதீர்கள்.) போட்ட மாலையைக் கழற்றி மரம் சீவும் அஞ்சலையக்கா கழுத்தில் போடுவார். சனம் உருகிவிடும்.

எஸ்டேட் விலைபோகப் போகிறது, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தபோது, குடும்பத்துக்கு ஒரு துண்டு அரசாங்க நிலம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அவருடைய உதவியாளர் ஒரு கட்டு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, மொதல்ல ரேகைய வாங்குங்க. மேல நாங்க டைப் அடிச்சுக்கிறோம் லா."

ஆபீஸ் மேசையில் மைப்பெட்டி வைத்து, தாளில் பென்சில் கோடு போட்டு, வரிசை பிசகாமல் எடுத்தேன். அஞ்சலையக்காவின் பெருவிரல் மட்டும் பதியவில்லை.

"பால்மரம் தின்னுருச்சு தம்பி. இனிமே எவன் வீட்லயாச்சும் திருடினாக்கூட போலீஸ் கண்டுபிடிக்காது" என்றார். பிறகு தாளைப் பார்த்து, "மேல ஒன்னும் எழுதலயே?"

"டைப் அடிப்பாங்கக்கா. என் கையெழுத்த விட அழகா இருக்கும்."

விரலை மண்ணெண்ணெயில் கழுவச் சொல்லி, மூன்றாம் தடவை அழுத்தி எடுத்தேன். அழகாக விழுந்தது.

நிலம் வந்தது. யாருக்கும் கிடைக்கவில்லை. விசாரிக்கப் போன என்னிடம் நில அலுவலகத்தில் கோப்பைக் காட்டினார்கள். எங்கள் பங்கை முழு மனதுடன் விட்டுக்கொடுக்கிறோம் என்று டைப் அடித்திருந்தது. பெற்றுக்கொண்டது டத்தோவின் மைத்துனர் கம்பெனி. கீழே ரேகைகள், ஒன்றுகூடக் கலங்காமல், என் பென்சில் கோட்டின்மேல்.

அஞ்சலையக்கா ரவாங்கில் மகளுடைய வாடகை வீட்டுக்குப் போக லோரி ஏறும்போது என்னைத் திட்டவில்லை.

"மூனு தடவ எடுத்தியே தம்பி. விழாமலே போயிருக்கலாம்."



நேற்றைய செய்தியை இரண்டு முறை படித்தேன். குற்றச்சாட்டுகள் வேறு எதையெதையோ பற்றியவை. எங்கள் நிலம் அதில் இல்லை. லயம் இருந்த இடத்தில் கடைவீடுகள். அக்கா இறந்து பல வருடமாகிறது. ரேகை வைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்போது இல்லை. அந்தத் தாள்கள் மட்டும் ஏதோ ஒரு இரும்பு அலமாரியில் இருக்கும். மை மங்கியிருக்காது. அவ்வளவு கவனமாக எடுத்திருந்தேன்.