தார்த் தரையில் நட்ட சொக்கப்பனை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், கார் திருத்தும் கடைகளுக்கு நடுவே ஒரு பண்டசாலையை வாடகைக்கு எடுத்துக் கோயில் நடத்திய காலம். அந்த வருடம் கார்த்திகை விளக்கீட்டுக்குச் சொக்கப்பனை கொளுத்தப் போவதாக நிர்வாகத் தலைவர் அறிவித்தார். பிரமாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடித் தோற்ற நெருப்புத் தூணை நினைத்துக் கொளுத்துவது அது. இங்கே பிறந்த என் மகளும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கைக்குழந்தை. ஸ்ட்ரோலரில் வைத்துப் பெல்ட்டைப் பூட்டித் தள்ளிக்கொண்டு போனேன்.

ஊரில் ஆழமாகக் கிடங்கு வெட்டிப் பனங்குற்றியை நட்டு, சுற்றிக் காய்ந்த ஓலை கட்டுவார்கள். எரிந்து முடியும்வரை அசையாது. கார் நிறுத்தும் தார்த் தரையில் எங்கே கிடங்கு வெட்டுவது? தகரப் பீப்பாவில் மண்ணைக் கொட்டி, மரக்கடையில் வாங்கிய கம்பத்தைச் செருகியிருந்தார்கள். ஓலைக்குப் பதில், ஹலோவீனுக்கு வாசலில் அலங்காரமாகக் கட்டிவிட்டுச் சனம் எறிந்த சோளத்தட்டைகள். காற்றுக்கு அது ஆடிக்கொண்டே நின்றது.

"அண்ணை, உது விழப்போகுது. சனத்தைப் பின்னுக்கு விடுங்கோ" என்று தலைவரிடம் சொன்னேன்.

"சாமி காரியத்தில அபசகுனமாக் கதையாதையும். பேசாமல் நிண்டு கும்பிடும்."

கொளுத்தியதும் மளமளவென்று பற்றியது. "அரோகரா" என்று பின்னால் நின்றவர்கள் நெருக்க, நான் முன்னுக்குத் தள்ளப்பட்டேன். கம்பம் எங்கள் பக்கம் சரிந்தது. எரிகிற தட்டைகள் மகளின் காலடியில் விழுந்தன. கையுறையோடு பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. கத்தினேன்.

பக்கத்துக் கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்த்த வெள்ளைக்கார மெக்கானிக் பாய்ந்து வந்தார். ஸ்ட்ரோலரைப் பிள்ளையோடு தூக்கி அப்பால் வைத்தார். பிறகு கடையைத் திறந்து தீயணைக்கும் சிலிண்டரைக் கொண்டுவந்து அடித்தார். நெருப்பு அடங்கியது. மகளின் காலைச் சுற்றியிருந்த போர்வையின் ஓரம் கருகியிருந்தது. மகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

தலைவர் ஓடிவந்தார். பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ அந்த மனிதரைப் பார்த்து, "சப்பாத்துக் காலோட வந்து சாமி நெருப்பை அணைச்சுப் போட்டானே!" என்று குதித்தார். இன்னும் சிலர் "ஓம், ஓம்" என்று ஒத்து ஊதினார்கள். மெக்கானிக்குக்குத் தமிழ் விளங்கவில்லை. முகங்கள் விளங்கியிருக்கும். நான் நன்றி சொல்வதற்குள் சிலிண்டரோடு போய்விட்டார்.

எனக்கு உச்சி கொதித்தது. "எரிஞ்சது என்ர பிள்ளையின்ர போர்வை! அது உங்கட கண்ணில படேல்லையோ?" என்று கத்தினேன்.

"பச்சைப் பிள்ளையை ஏன் கொண்டந்தனீர்?" என்றார். மனிதருக்கு வாய் கூசவில்லை.

மறுநாள் மெக்கானிக்கைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். கோயிலிலிருந்து வேறு யாரும் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அதை "சொக்கப்பனை இடையில அணைஞ்ச வருசம்" என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை பிழைத்த வருசம் என்று அவர்களில் ஒருவராவது சொல்லும்வரை என் கோபம் ஆறப்போவதில்லை.